நாலாவது மூச்சு

அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

பனிக்குகைக்குள் நடந்த மற்ற எல்லோருக்கும் மூச்சுக்கு மூச்சு வெள்ளையாகப் புகைந்தது: விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன வழிகாட்டிக்கு, அவர் பின்னால் வழுக்கி வழுக்கி நடந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு, ஓயாமல் பேசிக்கொண்டே வந்த டிரைவரின் மனைவிக்கு, ஏன், எல்லோருக்கும் பின்னால் கணவரோடு வந்த அவளுக்கும்தான். அந்தக் கணவருக்கு மட்டும் இல்லை. மூக்கால் மெதுவாக விடுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மரத்துப்போன காலைப் போல அந்த நினைப்பும் தாமதமாகத்தான் அசைந்தது.

சற்று முன்பு, குகையின் கடைசி அறையில், பனித்தூண்களுக்கு நடுவே ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர், "கொஞ்சம் நில்லேன்" என்றார். அவள் காதில் விழாத மாதிரி நடந்தாள். பதினாறு வருஷத்தில் ஒருநாளாவது இவர் எனக்காக நின்றதுண்டா? கடைவீதியானாலும் ஆஸ்பத்திரியானாலும் நாலடி முன்னால் போகிற முதுகைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். பின்னால் ஏதோ நொறுங்கியது, யாரோ கற்கண்டைக் கடிப்பது போல. ஈர இரும்பின் வாடை ஒன்று வந்து போனது. பிறகு அவர் வந்து சேர்ந்துகொண்டார். வந்தவர் முந்திப் போகவில்லை. அவள் அடிக்கு அடி வைத்து நடந்தார்.

"கை சில்லுனு இருக்கா?" என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்குள் எங்கோ ஒரு மூலை இளகியது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"பாருங்க, கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம். கியரைப் பிடிச்ச கை என் கையைப் பிடிச்சதில்ல," என்றாள் டிரைவரின் மனைவி.

"கியர் பதில் பேசாதுல்ல," என்றார் டிரைவர்.

கணவரும் சிரித்தார். புகையில்லாமல்.

வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. அதற்கு உள்ளேயே வழிகாட்டி அவர்களை நிறுத்தினார்.

"சுவரோரமா நில்லுங்க. எண்ணிட்டுத்தான் பூட்டணும். இன்னையோட முடிஞ்சுது, இனி அடுத்த கோடைக்குத்தான் திறப்போம்."

"இருக்கிறதே நாலு தலை. இதுக்கு எண்ணணுமா?" என்றார் டிரைவர்.

"தலையை எண்ணக் கூடாதுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து மூச்சைத்தான் எண்ணுறோம்."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர் தள்ளி நின்று விளக்கைத் தாழ்த்திப் பிடித்தார்.

"ஒண்ணு." டிரைவர்.

"ரெண்டு." அவர் மனைவி.

"மூணு." அவள்.

அவள் கணவரைப் பார்த்தாள். மூடிய உதடு. அசையாத நெஞ்சு.

"நாலு. சரியாப் போச்சு."

புகை இருந்தது. கணவரின் தோளுக்குப் பின்னால். பனிச்சுவரில் ஒரு விரிசல், விரல்கூட நுழையாது. அதிலிருந்து வந்தது. சின்னச் சின்னதாக, படபடவென்று. கூடவே ஒரு குரல். அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற அளவுக்கு.

"கொஞ்சம் நில்லேன்."

வாயைத் திறந்தாள். உதடு மரத்திருந்தது. அவர் இன்னும் உள்ளே இருக்கிறார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலே வார்த்தை.

பிடித்திருந்த கை அவள் விரல்களை இதமாக அழுத்தியது.

"போலாமா?"

கால்கள் நடந்தன. அவள் நடந்தாளா, தெரியவில்லை. வெளியே வெயில். பின்னால் பூட்டு விழுந்தது. டிரைவரும் மனைவியும் சண்டை போட்டபடியே இறங்கிப் போனார்கள். சாவிக்கொத்தின் சத்தமும் அவர்கள் பின்னால் தேய்ந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், இருட்டில், ஒரு புகை.

வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அடுத்ததற்காக அவள் நின்றாள். பக்கத்தில், கையை விடாமல், அவரும் நின்றார். அவளுக்காக.