முப்பத்தாறாவது சாமி அட்டை

காளவாசல் முக்கில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த சிவசங்கரனின் அறைக்கு ஜானு வந்தபோது அவள் காலில் செருப்பு இல்லை. பஸ்ஸில் ஏறும்போது வார் அறுந்து விழுந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சார், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு அட்டை கெடைக்கணும். கெடைக்கலேன்னா எனக்குக் கல்யாணம் இல்லை. அவர் போலீஸ் ஸ்டேஷன்ல இருப்பார்."

சிவசங்கரன் நாற்காலியைக் காட்டினார். பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்த மனிதர். வேலையை விட்ட பிறகும் கேள்வி கேட்கிற பழக்கம் போகவில்லை. அதற்குள் கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த காளை, பாதி டியூபைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மேலே ஓடி வந்துவிட்டான். கடைக்குச் சொந்தக்காரன் அவன்தான். வழக்கு என்று வாசனை அடித்தால் போதும், வாடிக்கையாளர் நாசமாய்ப் போகட்டும் என்று வந்துவிடுவான்.

"என்ன அட்டைம்மா? ரேஷன் அட்டையா?" என்றான்.

"சாமி அட்டை. ஊதுபத்தி பாக்கெட்டுக்குள்ள வருமே, அது."

அந்த வருஷம், எண்பத்து நான்கில், மதுரையில் அதைத் தெரியாதவர் கிடையாது. வில்வமணி ஊதுபத்திப் பாக்கெட் ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சாமி படம். மொத்தம் முப்பத்தாறு. ஜானுவின் அப்பா அனந்தநாராயணன் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் அட்டை சேர்க்க ஆரம்பித்து, பெட்டி பெட்டியாக ஊதுபத்தி வாங்கிக் குவித்திருந்தார். பசுமலையில் அவர்கள் தெருவுக்கே கொசு வருவதில்லை என்று பேச்சு. முப்பத்தைந்து கிடைத்தும் ஒன்று மட்டும் கிடைக்கவேயில்லை. சனீஸ்வரன். போன வெள்ளிக்கிழமை ஒரு பாக்கெட்டில் அதுவும் வந்துவிட்டது.

"சனிக்கிழமை அவர் எங்காத்துக்கு வந்தார். ஞாயித்துக்கிழமை காலம்பற அட்டையைக் காணோம்," என்றாள் ஜானு.

அவர் என்றால் நல்லகாமன். ஜானுவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், ஒத்தக்கடைப் பக்கம் விவசாயக் குடும்பம். இரண்டு வருஷம் போராடி அப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். நாளை மறுநாள், புதன்கிழமை, நிச்சயதார்த்தம்.

"அப்பா நேத்து ஒத்தக்கடைக்கே போய், அவா வாசல்ல நின்னுண்டு, தெருவே பாக்க 'உன் பிள்ளை திருடன்'னு கத்திட்டு வந்துட்டார் சார். அவரோட அம்மா உள்ள போய்க் கதவைச் சாத்திண்டுட்டாராம்." ஜானு அழவில்லை. கோபம் அழுகையை முந்திக்கொண்டிருந்தது. "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் குடுத்திருக்கார்."

பசுமலை வீட்டில் அனந்தநாராயணன் ஆல்பத்தை மேஜைமேல் திறந்து வைத்தார். ஒவ்வொரு அட்டையும் நான்கு மூலைக் கவ்விகளில் செருகப்பட்டிருந்தது. முப்பத்தாறாவது இடம் காலி.

"பாருங்கோ. நகரத்துக்கே ஒண்ணு ரெண்டுதான் இருக்குமாம். கம்பெனிக்காரன் வேணும்னே கொஞ்சமா அடிச்சிருக்கான். அதோட அருமை இந்தாத்துல யாருக்குமே தெரியாது."

"அட்டை இருந்த எடம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். நானே அந்தப் பையனண்ட பெருமையா காட்டினேன். முட்டாள்!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சிவசங்கரன் பக்கங்களைப் புரட்டினார். மஹாலக்ஷ்மி அட்டைக்குத் தங்கப் பூச்சு, பளபளவென்று மின்னியது. அது அப்படியே இருந்தது. காலி இடத்தில் கவ்வி ஒன்றுகூடக் கிழியவில்லை. பக்கங்கள் சேரும் மடிப்பில் கறுப்பாக இரண்டு பொடி ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தார். எள்.

காளை துள்ளினான். "அண்ணே, எள்ளு!"

"சனிக்கிழமை அவர் அம்மா எள்ளுருண்டை குடுத்து விட்டிருந்தார். அவா வயல்ல வெளைஞ்சது," என்றாள் ஜானு தயங்கியபடி. சொல்லும்போதே அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கதை முடிஞ்சுச்சு," என்றான் காளை. மாப்பிள்ளையைக் கம்பிக்குப் பின்னால் தள்ளிவிட்ட மகிழ்ச்சி அவனுக்கு. உள்ளே வலி தாங்காமல் ஒருத்தி நிற்கிறாளே என்ற நினைப்பு கொஞ்சமும் இல்லை.

சிவசங்கரன் ஒரு எள்ளைக் கடித்துப் பார்த்தார். ஜானுவின் அம்மா விஜயம் அறைக்கு வெளியிலேயே நின்று காபி டம்ளரை ஜானுவிடம் நீட்டினாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல யார் யாரும்மா?" என்று சிவசங்கரன் அவளைக் கேட்டார்.

"இவர் தூங்கிண்டிருந்தார். ஜானு மாடியில துணி எடுத்துண்டிருந்தா. அந்தப் பையன் சொல்லிண்டு கெளம்பிட்டான். நான் கோயிலுக்குப் போயிட்டேன்."

"அந்த அட்டையைப் பாத்திருக்கீங்களா?"

"அந்தப் படத்தை நான் சரியா பாக்கலை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்து நல்லகாமனின் அலுவலகம். வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினான். இரவு முழுக்கத் தூங்காத கண்கள்.

"நீ எடுத்தியாப்பா?"

"நான் எடுக்கலைங்க." பதில் உடனே வந்தது.

"நேரா வீட்டுக்குப் போயிட்டியா?"

"பஸ்ஸு வரலை. கோயிலுக்கு எதுத்தாப்புல ஸ்டாப்புல ரொம்ப நேரம் நின்னேன்."

"யார் எடுத்திருப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

நல்லகாமன் தரையைப் பார்த்தான். "என்னையத்தானே சொல்றாங்க. சொல்லட்டும்ங்க. நான் எடுக்கலை, அம்புட்டுத்தான்."

சாயங்காலம் ஜானு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். "பாத்தீங்களாண்ணே, முழிக்கிறான்!" என்றான் காளை. "முதல் கேள்விக்கு முழிக்கலையே," என்றார் சிவசங்கரன்.

அட்டை மாற்றுகிற கடை மொக்கைச்சாமியுடையது, பெரிய கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில். கடைச் சுவரில் அழகுக்காக ஒரு முழுத்தாள் தொங்கியது. வெட்டாத தாள். அச்சகத்திலிருந்து வாங்கி வந்ததாம். ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு சாமி. கடைசி மூலையில் மட்டும் ஒரு கட்டம் கத்தரிக்கப்பட்டு, ஓட்டை வழியாகச் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது.

காளை அதைக் கண்டதும் மொக்கைச்சாமியின் மேல் பாய்ந்தான். "எங்கேய்யா அந்தக் கட்டம்? வெட்டி வித்துட்டியா?"

"அது தாளு வந்தன்னைக்கே வெட்டியாச்சுண்ணே. யாவாரம் பண்ற எடம்ல!"

"கெடைக்காத அட்டைன்னு புரொபசர்ட்ட சொன்னது நீதானே?"

"ஆமா. சேத்து வைக்கிறவுகள்ல ஒருத்தர்ட்டயும் அது இல்லைண்ணே. மாத்துறதுக்குன்னு எம்புட்டோ பேரு கேட்டுட்டாக. நான் எங்கிட்டுப் போவேன்?"

"உங்கிட்ட யாராச்சும் கொண்டாந்து குடுத்தா?" என்றார் சிவசங்கரன்.

"குடுக்கட்டும். கடைக்குள்ள வெக்க மாட்டேன், அப்பவே கைமாத்தி விட்ருவேன்."

சிவசங்கரனுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பசுமலைக்குத் திரும்பி, நல்லகாமன் சொன்ன பஸ் ஸ்டாப்பில் காளையை நிற்கவைத்துவிட்டு எதிரே இருந்த கோயிலுக்குள் தனியாகப் போனார். வரும்போது கையில் ஒரு துணி மூட்டை.

"என்னண்ணே இது?"

"பிடி. வீட்டுக்குள்ள கொண்டு வராதே. வாசல்லயே நில்லு."

பொழுது சாய்ந்தபோது அனந்தநாராயணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்படத் தயாராக இருந்தார். நல்லகாமன் கூடத்தின் ஒரு ஓரத்தில், ஜானு அவனுக்குப் பக்கத்தில். அப்பா முறைத்தும் அவள் நகரவில்லை. விஜயம் சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கெடைச்சுதா?" என்றார் அனந்தநாராயணன்.

"சொல்றேன் சார். நீங்க முதல்லயே ஒரு தப்பு பண்ணிட்டீங்க. அரிதுன்னா கொஞ்சமா அடிச்சதுன்னு நெனச்சுட்டீங்க. மொக்கைச்சாமி கடையில வெட்டாத தாளைப் பாத்தேன். முப்பத்தாறும் ஒரே தாள்ல. பிள்ளையார் எத்தனையோ சனீஸ்வரனும் அத்தனை."

"அப்புறம் ஏன் கெடைக்கலை?"

"அட்டை அடிக்கிறதோட கணக்கு முடியலை. அது எத்தனை வீட்ல மிஞ்சுதுன்னு பாக்கணும். சனீஸ்வரன் படத்தை நம்ம ஊர்ல யார் வீட்டுக்குள்ள வெச்சுப்பாங்க? பாக்கெட்டைப் பிரிச்சதும் பதறிப்போய்க் கொண்டுபோய் விட்டுருவாங்க. அட்டை விக்கிற மொக்கைச்சாமியே தன் கடைத் தாள்ல அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கான். அதனாலதான் மாத்திக்கக்கூட யார்கிட்டயும் இல்லை. உங்க பாக்கெட்ல அது கடைசியா வந்தது வெறும் தற்செயல்."

"மூடநம்பிக்கை!" என்றார் அனந்தநாராயணன்.

"இருக்கலாம். உங்களுக்கு அது இல்லை. அதனாலதான் இது உங்களுக்குத் தோணலை. அதை ஆசைப்பட்டு எடுக்கிறவன் ரொம்பக் கம்மி. திருட வந்தவன்னா பளபளன்னு இருந்த லக்ஷ்மியையும் சேத்து எடுத்திருப்பான். இங்கே ஒண்ணே ஒண்ணு, கவ்வி கிழியாம, பத்திரமா. சாமி படம்ங்கிற பயத்தோட எடுத்த கை அது. வேணும்னு எடுக்கலை சார். இந்த வீட்ல இருக்க வேண்டாம்னு எடுத்தது."

காளை வாசலில் இருந்தபடியே கத்தினான். "அப்ப அந்த எள்ளு?"

"உருண்டைக்கு வறுத்த எள்ளுன்னா வெல்லம் ஒட்டியிருக்கும், கடிச்சா மொறுமொறுங்கும். நான் கடிச்சது பச்சை எள். நசுங்குச்சு. சனிக்கிழமை சாயங்காலம் பச்சை எள்ளைக் கையில எடுத்தவங்க எங்கே போவாங்க? துணியில முடிஞ்சு, சனீஸ்வரன் சன்னதியில விளக்குப் போட." அவர் குரல் தணிந்தது. "நீங்களே சொல்லிடுறீங்களாம்மா?"

விஜயம் கதவை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள். "புதன்கிழமை நிச்சயம். ஆத்துக்குள்ள அந்தப் படம். சனிக்கிழமையும் அதுவுமா எள்ளு வேற ஆத்துக்கு வந்தது. எனக்கு மனசு ஒப்பலை. இவரண்ட சொன்னா சிரிப்பார். கோயில்ல கொண்டுபோய் வெச்சுட்டேன்."

"அம்மா," என்றாள் ஜானு. "அப்பா ஒத்தக்கடைக்குக் கெளம்பறச்சே குடையை எடுத்துக் குடுத்தியே. அப்போ ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். இதுனால கல்யாணம் நின்னுடும்னா நிக்கட்டுமேன்னு தோணிடுத்து. நம்ம மனுஷாள்லயே ஒருத்தனைப் பாத்துக்கலாம்னு... பாவி நான். ரெண்டு நாளா சாதம் எறங்கலைடி."

ஜானு அம்மாவை அடிக்கப் போகிறவள் மாதிரி ஒரு எட்டு வைத்தாள். நல்லகாமன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"உனக்குத் தெரியும்," என்றார் சிவசங்கரன் அவனைப் பார்த்து. "ஸ்டாப்புல நின்னு பாத்திருக்கே."

"பாத்தேன்ங்க. அட்டையை வெச்சுட்டு, 'என் கொழந்தைக்கு ஒண்ணும் வரப்படாது'ன்னு அழுதாங்க. சன்னதி ரோட்டோரமாத்தானே இருக்கு, காதுல விழுந்துச்சு." என்றான். "பெத்தவளைக் காட்டிக் குடுத்துட்டு அவ மகளை நான் எப்புடிங்க கட்டுறது?"

அனந்தநாராயணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லாததுபோல், "அட்டை?" என்றார்.

"வாசல்ல இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

காளை மூட்டையைப் பிரித்தான். பிரித்தவன் "ஐயய்யோ" என்று கையை உதறினான். உள்ளே கட்டுக் கட்டாகச் சனீஸ்வரன். சிலதில் எண்ணெய்க் கறை, சிலதில் வாடிய வன்னி இலை ஒட்டியிருந்தது. ஜனங்கள் சன்னதியில் வைத்துவிட்டுப் போனதைத் தூக்கிப் போட மனசில்லாமல் குருக்கள் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார்.

அனந்தநாராயணன் குனிந்து ஒன்றை எடுத்தார், அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. "இதுல எது என்னோடது?" என்று கேட்டவர், கேட்ட கேள்வி தனக்கே கேவலமாகப் பட்டதுபோல் நிமிர்ந்து நல்லகாமனைப் பார்த்தார். "என்னை மன்னிச்சுடுப்பா."

"எங்கிட்டக் கேட்டு என்ன சார். எங்காத்தா நேத்துலேருந்து வெளிய தலை காட்டலை. பொம்பளைக கொழாயடியில அதைத்தான் பேசுறாக. புதன்கிழமை ஆத்தா வரணுமே. அது வராம நான் வர மாட்டேன்."

ஜானுவின் கை அவன் கையில்தான் இருந்தது. அவள் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நான் போய்ச் சொல்றேன்," என்று அனந்தநாராயணன் எழப் பார்த்தார்.

"நீங்க வேண்டாம்," என்றாள் விஜயம். "செஞ்சது நான்." முகத்தைக்கூடக் கழுவாமல் படியிறங்கினாள்.

ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். விஜயத்தோடு ஜானுவும் நல்லகாமனும் போனார்கள். சிவசங்கரனும் காளையும் கொஞ்சம் பின்தங்கியே வந்தார்கள். நல்லகாமனின் தாய் அன்னக்கொடி வாசலுக்கு வந்து, யார் என்று பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஜயம் தாழ்ந்த குரலில், "உள்ள போய்ப் பேசலாமா?" என்றாள்.

"எதுக்கு உள்ள? எம்மகனைக் களவாணிப் பயன்னு உங்க வீட்டுக்காரரு இந்தா, இங்கன நின்னுதான் சொன்னாரு. எதுவா இருந்தாலும் இங்கனயே சொல்லுங்க."

குடங்கள் அப்படியே நின்றன. ஜானு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

விஜயம் தெருவின் நடுவுக்கு வந்தாள். வாழ்நாளில் வெளியாட்கள் முன்னால் குரல் உயர்த்தியிராதவள். முதல் தடவை சத்தமே வரவில்லை. மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு, கடைசி வீடு வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இந்தப் பிள்ளை திருடலை. எடுத்தது நான். தெரிஞ்சிருந்தும் என்னைக் காட்டிக் குடுக்கலை. என் பொண்ணுக்கு இவனைவிட நல்லவன் கெடைக்க மாட்டான்."

அன்னக்கொடி கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிறகு வாசற்படியிலிருந்து இறங்கி வந்து விஜயத்தின் கையைப் பிடித்தாள்.

"இப்ப உள்ள வாங்க சம்பந்தி."