எட்டு பத்து வண்டி

"ஆடாம நில்லுடி!"

சாமுண்டீஸ்வரி மகளின் தாவணி மடிப்பில் ஊக்கைக் குத்தினாள்.

"சீக்கிரம்மா! முதல் பீரியட் கணக்குப் பரீட்சை. ஒம்போதுக்கு கேட்டை சாத்திடுவாங்க!"

"எட்டு பத்து பஸ்ஸு கீதுல்ல? இன்னாத்துக்குப் பறக்கிறே?"

கஸ்தூரி பறந்தாள்.

எட்டு முப்பத்தைந்து. ஆவடி போகும் மெயின் ரோட்டில் ஓர் அலறல்...!

கஸ்தூரியை அடித்துக் கொன்ற பஸ் நிற்கவேயில்லை. பச்சை நிறம் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள். போலீஸ் ஸ்டேஷன்.

"என் வண்டியும் பச்சைதான். அதுக்காவ?" தனியார் பஸ் டிரைவர் வரதன் கொட்டாவி விட்டான். "எட்டு பத்துக்கு இவங்க வெள்ளானூர் ஊருக்குள்ள போயி ஆளை ஏத்திகினு வந்தேன். எட்டு முப்பத்தஞ்சுக்கு அம்பத்தூர்ல டீ குடிச்சினு இருந்தேன். டிரிப் ஷீட்டைப் பாரு சார்!"

இன்ஸ்பெக்டர் ரகுநாதன் பார்த்தார். எல்லாம் கச்சிதம்.

"உங்க பொண்ணுதாம்மா பஸ்ஸை விட்டிருக்கு. அதான் மெயின் ரோட்டுக்கு நடந்திருக்கு."

சாமுண்டீஸ்வரி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் அடித்தாள்.

"இத்தப் படி சார்!"

பள்ளிக்கூடத்து லேட் நோட்டு. தாமதமாக வருகிறவர்களை வெயிலில் நிறுத்தி, காரணம் எழுத வைப்பார்கள்.

"ஆபீஸ் நோட்டு வெளிய போவக்கூடாதுன்னாரு ஹெட்மாஸ்டரு. எம் பொண்ணு மட்டும் போவலாமான்னு கேட்டேன். குடுத்துட்டாரு."

ரகுநாதன் புரட்டினார். அதே நாள். பதினோரு பெயர்கள். பதினொன்றும் வெள்ளானூர்ப் பிள்ளைகள். காரணம் ஒன்றே...

'எட்டு பத்து வண்டி வரவில்லை.'

"பதினோரு புள்ளைங்களுமா பஸ்ஸை வுட்டுச்சு, நைனா?" அவள் வரதன் பக்கம் திரும்பினாள். "வராத வண்டிக்கு எவன்டா டைம் எழுதினான்? நீ வந்திருந்தா எம் பொண்ணு ஏன்டா நடந்தா?"

வரதனின் அடுத்த கொட்டாவி பாதியில் நின்றது.

உடைந்தவன் கண்டக்டர் முனியன்.

"சார்...! அன்னிக்கு வண்டி லேட்டு. ஊருக்குள்ள போனா இன்னும் லேட்டாவும்னு மெயின் ரோட்லயே அடிச்சிகினு வந்தான். அந்தப் பொண்ணு... நம்ம வண்டியைப் பாத்து ஓடியாந்து கை காட்டிச்சு சார்!"

"ஷீட்டு?"

"எப்பவும் போல... நான்தான் எழுதினேன் சார்."

ரகுநாதன் வரதனின் காலரைப் பிடித்தார்.

"நாளைக்குப் பத்தரைக்குக் கோர்ட்டு. அந்த டிரிப்பை கட் பண்ண முடியாது மாமே!"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை.

வரதன் உள்ளே போனான். பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்தான்.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில், அந்தத் தேதிக்கு, கஸ்தூரியின் கட்டத்தில் எழுதியதை மட்டும் இன்றுவரை யாரும் அடிக்கவில்லை.

'சொல்லாமல் லீவு!'