அறிவிப்பு: குழந்தை அழுகிறது

வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகாத புதுப் போன், சனிக்கிழமை மத்தியானம் மூன்றேகாலுக்கு, மேஜைமேல் சும்மா கிடந்த இடத்தில் ஒரு முறை அதிர்ந்து, 'குழந்தை அழுகிறது' என்று காட்டியது.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்பது உறைத்தது.

அந்த வீட்டில் குழந்தை இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் பத்தொன்பது நாள் இருந்தது. இருபதாம் நாள் காலையில் எழுப்பினால் எழவில்லை. டாக்டர்கள் ஏதேதோ சொன்னார்கள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அதற்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் சத்தமாகத் தும்முவதற்குக்கூட யோசிக்கிற வீடாகிப்போனது அது.

போன் விஷயத்தில் அவன் ஒரு கிறுக்கன். ஆபீஸில் அவனுக்குப் பெயரே போன் டாக்டர். புது மாடல் வந்தால் மற்றவர்கள் கேமராவைத் திறந்து ஈயென்று சிரித்துக்கொண்டிருக்கும்போது, இவன் செட்டிங்ஸுக்குள் புகுந்து, செய்தவனே மறந்துபோன மூலைமுடுக்கெல்லாம் நோண்டிக்கொண்டிருப்பான். குழந்தை போனதோடு அந்த ஆசையும் போயிற்று. கண்ணாடி கீறிப்போன பழைய போனை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டினான். மனைவியின் அண்ணன்தான், எதிலாவது மனசைப் போடுங்கள் மாப்பிள்ளை, இல்லையென்றால் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மூழ்கிவிடுவீர்கள் என்று நச்சரித்து, இன்று மத்தியானம் கடைக்கு இழுத்துப்போனார். பெட்டியைப் பிரித்து, அந்தப் புது வாசனை மூக்கில் ஏறியபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனுக்குக் கொஞ்சம் பசித்தது.

காது கேளாதவர்களுக்கென்று அதில் ஒரு வசதி இருந்தது. சுற்றிலும் கேட்கிற சத்தத்தைப் போனே கவனித்து எழுதிக் காட்டும். காலிங் பெல், குழாய்த் தண்ணீர், நாய் குரைப்பது, குழந்தை அழுவது. எல்லாவற்றையும் தட்டி ஆன் செய்துவிட்டான். வாசலுக்குப் போய் பெல்லை அமுக்கினான், காட்டியது. சமையலறைக் குழாயைத் திறந்தான், அதையும் காட்டியது. பரவாயில்லையே, கெட்டிக்காரப் பயல்தான் என்று மெச்சிக்கொண்டு காபி போடப் போனவனைத்தான் அந்த அதிர்வு திரும்பிப் பார்க்க வைத்தது.

மறுபடி அதிர்ந்தது. குழந்தை அழுகிறது.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி படுக்கையறையில் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினாள். இரண்டு வாரமாகத்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். இந்த வரி மட்டும் அவள் கண்ணில் பட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்ததுமே படுக்கையறைக் கதவை மெல்லச் சாத்தினான். அந்த வசதியை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு கோளாறு என்று தெரிந்தபின் அதன் வேரைப் பார்க்காமல் விடுகிற ரகம் இல்லையே அவன்.

ஃபேனை நிறுத்தினான், அதன் கிறீச்சாக இருக்கலாம். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தான். ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை, சத்தமே இல்லை. போனைச் சமையலறைக்குக் கொண்டுபோனான், சும்மா இருந்தது. கூடத்துக்கு வந்தான், ஒரு முறை அதிர்ந்தது. நடைவழியில் நடக்க நடக்க அதிர்வு நெருங்கி நெருங்கி வந்து, கடைசி அறையின் மூடிய கதவுக்கு முன்னால் விடாமல் அதிர்ந்தது.

அது தொட்டில் இருந்த அறை. தொட்டிலைக் கழற்றிக் கொடுத்தனுப்பிய பிறகு, வெறுமையாகக் கிடந்தால் மனசு என்னவோ செய்கிறதென்று, பரணிலிருந்த தன் பழைய போன் பெட்டிகளையெல்லாம் இறக்கி அதில் அடுக்கியது அவன்தான். அவள் அன்று நிலைப்படியைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

கதவைத் திறந்தான். அட்டை வாசனை. அதற்கடியில், இலேசாக, பவுடர் வாசனை. பெட்டிகள் சுவரோரம் நேராக இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

அங்கேயே நின்று, அறையின் சத்தத்தைப் புதுப் போனில் ஒரு நிமிஷம் பதிவு செய்தான். இயர்போனைக் காதில் திணித்து, சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டான். தன் மூச்சு. மழையின் முதல் தூறல். வேறொன்றுமில்லை. பிறகு பழைய போனை எடுத்துவந்து அதிலும் அந்த வசதியை ஆன் செய்து, கதவை விட்டுத் தள்ளி, சமையலறை மேஜையில் வைத்து, அந்தப் பதிவை அதற்குப் போட்டுக் காட்டினான்.

கீறல் விழுந்த திரையிலும் அதே வரி வந்தது.

 நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தாள். அழுகிறான், கேளுங்கள் என்றாள். அவன் நின்று, நேர்மையாகத்தான், காது கொடுத்துக் கேட்டான். ஒன்றுமில்லை என்றான். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போய், இல்லாததெல்லாம் இவளுக்குக் கேட்கிறது என்று அவள் எதிரிலேயே சொன்னான். மாத்திரை தொடங்கியது. அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குணமாகிவிட்டாள் என்று நினைத்து அவன் நிம்மதியாகத் தூங்கினான். பாவி, நிம்மதியாகத் தூங்கினான்.

"ரெண்டு போன்லயும் காட்டுதா?"

அவள் சமையலறை வாசலில் நின்றாள். முகத்தில் தூக்கமே இல்லை. திரையை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"நீ தூங்கலையா?" என்றான்.

"மாத்திரையை நான் முழுங்கறதே இல்ல. முழுங்கினா அவன் கூப்பிடறது கேக்காது."

அவன் பழைய போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். 

"நான் சொன்னப்ப நம்பல. பைத்தியம்னீங்க. இப்ப போன் சொல்லுது, நம்புறீங்க, இல்ல?" அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பான். "நீங்க வீட்ல இருக்கிற நாள்ல நான் அந்த ரூமுக்குப் போறதில்ல. நாள் முழுக்க அழுதுட்டே கெடப்பான். படுத்துக்கிட்டு கேட்டுட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். அவன் பின்னால் போனான். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

குழந்தை அழுகிறது.

குழந்தை அழுகிறது.

அவள் பெட்டிகளைக் காலால் ஒதுக்கினாள். தரையில் உட்கார்ந்தாள். குனிந்தாள். எதையோ அள்ளினாள். இடது முழங்கை மடங்கியது. ஒரு பாரம் விழுந்தாற்போல் தோள் இறங்கியது.

"இதோ வந்துட்டேன்டா," என்றாள். "அப்பா வீட்ல இருந்தாரு, அதான்."

போன் நின்றது.

மழை. வேறு சத்தம் இல்லை.

அவன் அவளெதிரில் மண்டியிட்டான். கண்ணில் நீர் வழிந்தது. பயமா, ஏக்கமா, அவனுக்கே தெரியவில்லை. அவள் மடங்கிய கைக்கு அருகில் காதைக் கொண்டுபோனான். பெற்ற பிள்ளை. ஒரே ஒரு தடவை. ஒரு முனகல் போதும். மூச்சைப் பிடித்துக் கேட்டான்.

ஒன்றுமில்லை.

"எனக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்றான்.

"ஷ்ஷ். இப்பதான் குடிக்க ஆரம்பிச்சிருக்கான்."

நிமிர்ந்து பார்த்தான்.

அவளுடைய நைட்டியின் மார்புப் பக்கம், காசளவுக்கு ஈரம். காசு உள்ளங்கையாயிற்று. ஈரத்தின் நடுவில், யாரும் தொடாமல், துணி முன்னால் இழுபட்டது. விட்டது.

இழுபட்டது.

விட்டது.