மூன்று நொடி நிழல்

ஃபிக்ஸருக்குள் போன படம் அதற்கு மேல் கறுக்காது. ஆயோகா தன் புகைப்பட வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. முதல் தட்டில் உருவம் எழும்பும், இரண்டாவது தட்டில் நிற்கும், மூன்றாவது தட்டிலிருக்கும் ஃபிக்ஸரில் ஊறிவிட்டால் நட்டநடு வெயிலில் கொண்டுபோய்க் காட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஏழு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் புளித்துவிட்டது. அப்படியிருக்க, அந்தச் சனிக்கிழமை மத்தியானம், இருட்டறையின் சிவப்பு விளக்கடியில், ஃபிக்ஸர் தட்டில் மல்லாந்து கிடந்த படத்தில் வலப்பக்கத்துக் குழந்தையின் வெள்ளைக் காலுறை மட்டும் கறுத்திருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். கறுத்துத்தான் இருந்தது.

மருந்து செத்துப்போச்சு போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். லாகோஸிலிருந்து வரவேண்டிய புதுச் சரக்கு நேற்றுத்தான் வந்தது. அதுவரை பழையதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறாள், இன்றும் சோம்பல்பட்டு அதையேதான் ஊற்றியிருந்தாள். ஆனால் மருந்து செத்ததென்றால் இரண்டு குழந்தைகளும் அல்லவா கறுக்கவேண்டும்? இடப்பக்கத்துக் குழந்தையின் காலுறை பால்போல வெள்ளையாக இருந்ததே!

வாசகசாலைக்குப் பின்னால் பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறை அது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, கதவிடுக்கிலெல்லாம் நாடா ஒட்டி, வெளிச்சம் ஒரு ஊசி அளவுகூட நுழையாதபடி ஆயோகாவே தன் கையால் மூடிய அறை. உள்ளே புளித்த காடி வாடையும், தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று நெரியும் ஓசையும், குழாயிலிருந்து தொட்டிக்குள் சொட்டும் தண்ணீரும், ஆயோகாவும் இரண்டு மாணவர்களுமாக மூன்று பேர் மூச்சுவிடும் புழுக்கமும். கதவுக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதிக்கு நடுவே ஒரு சிறுமி தனியாகக் கைதட்டிக் காலை முன்னே நீட்டி டென்-டென் ஆடிக்கொண்டிருந்தாள். எதிரே இன்னொருத்தி நின்றால்தான் அது விளையாட்டு. தனியாக ஆடினால் தட்டு, தட்டு, தொப்பென்று ஒரு கால், பிறகு ஒரு சின்ன மௌனம். எதிராளி கால் விழவேண்டிய இடத்தில் அந்த மௌனம்.

சிறுமியின் பெயர் கெஹிண்டே. ஆறு வயது. அவளுடைய இரட்டை, டைவோ, பதினொரு வாரத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள்.

இரட்டையருக்குப் பேர்போன நைஜீரிய ஊரான இக்போ-ஓராவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாலும் ஒரு இரட்டைப் பிறவிமேல்தான் விழும். அதனால் இரட்டையரை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் வெளியே வருபவள் டைவோ. உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல அனுப்பப்பட்டவள். நன்றாக இருக்கிறதென்று அவள் குரல்கொடுத்த பிறகுதான் கெஹிண்டே வருவாள். ஒருத்திக்கு ஒரு மிட்டாய் என்றால் மற்றவளுக்கும் ஒன்று. ஒருத்தி செத்துப்போனாலும் ஒன்று. செத்துப்போனவளுக்கு முதலில் ஒன்று. அந்தக் காலத்தில் மரப்பாவை செய்து அதற்கும் ஊட்டுவார்கள். பிறகு படம் வந்தது. உயிரோடிருப்பவளைப் படமெடுத்து, ஒரே காகிதத்தில் இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் பதித்து, இதோ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க என்று சுவரில் மாட்டிவிடுவார்கள்.

கெஹிண்டேயின் அம்மா சிகிராத் தையல்காரி. ஒன்று போன பிறகும் ஊர் அவளை இயா இபெஜி, இரட்டையரின் தாய், என்றுதான் கூப்பிட்டது. இந்த வகுப்பில் அவள் சேர்ந்ததே அந்த ஒரு படத்துக்காகத்தான். சந்தையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் அரைமணி நேரத்தில் செய்துகொடுத்துவிடுவான்தான். "அவன் பொத்தானை அமுக்கி ஒட்டித் தர்றதை என் பிள்ளை ஏத்துக்கமாட்டா ஆன்ட்டி. என் கையால, தண்ணிக்குள்ளேருந்து எழும்பி வரணும்," என்றிருந்தாள். இன்னொன்றும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி: "டைவோ போனதுலேருந்து கெஹிண்டேக்குச் சோறு தண்ணி எறங்க மாட்டேங்குது. ராத்திரியில யாரோடயோ பேசுது. படம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துட்டா டைவோ தனியா இருக்கமாட்டா. இவளைக் கூப்பிடமாட்டா." ஆயோகா அப்போது அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். லாகோஸில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். பாவம், பெற்ற மனசு என்று நினைத்தாள்.

தப்பு நடந்தது கால்மணி நேரத்துக்கு முன்னால்.

காகிதத்தின் வலப்பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, கெஹிண்டேயின் நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் விளக்கைப் போட்டு, இடப்பாதியில் சிகிராத்தே ஒளி காட்டினாள். பன்னிரண்டு நொடி, அது டைவோ. பிறகு அட்டையை மாற்றி, காகிதத்தையும் நகர்த்தி, அதே நெகட்டிவ், அதே பன்னிரண்டு நொடி, வலப்பாதி, அது கெஹிண்டே. அந்த நேரம் பார்த்து ஆயோகாவுக்குள்ளிருந்த வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டை வட்டத்தை எடுத்து, ஒளிக்கு நடுவே நீட்டி, வலப்பக்கத்து முகத்தின்மேல் மெல்ல ஆட்டினாள். "பாருங்க, இப்படி நிழல் குடுத்தா முகத்துல வெளிச்சம் கம்மியா விழும். கம்மியா விழுந்தா பிரிண்ட்ல பளிச்சுன்னு வரும். மூணு நொடி போதும்."

சிகிராத் அந்த அட்டை வட்டத்தைச் சுட்டிக்காட்டினாள்.

"அவளுக்கு மட்டும் ஏன் ஆட்டினீங்க?" என்றாள் சிகிராத்.

"முகம் எடுப்பா வரட்டும்னுதான். உயிரோட இருக்கிற பிள்ளை இல்லியா?"

"டைவோவுக்கு ஆட்டலியே ஆன்ட்டி."

ஆயோகாவுக்குச் சுருக்கென்றது. இன்னொரு மாணவரான லசிசி, போன வருஷம் ஓய்வுபெற்ற தபால்காரர், இருட்டில் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார். "விடும்மா இயா இபெஜி. மூணு நொடியில எங்க ஆபீஸ்ல ஒரு முத்திரைகூடக் குத்தமாட்டாங்க." யாரும் கூடச் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். "இன்னொண்ணு போட்டுடலாம், ரெண்டும் சமமா," என்றாள் ஆயோகா. அதற்குள் காகிதம் மருந்துக்குள் போயிருந்தது. இரண்டு குழந்தைகளும் எழும்பி வந்தார்கள், ஒரே பெஞ்சு, ஒரே கவுன், மடியில் கோத்த ஒரே கைகள்; வலப்பக்கத்து முகம் மட்டும் விளக்கேற்றிவைத்ததுபோல் இருந்தது.

இப்போது அந்தப் படத்தில்தான் காலுறை கறுத்திருந்தது.

ஆயோகா மறுபடி குனிந்தாள். கறுப்பு முழங்காலுக்கு வந்திருந்தது.

அவசரமாகப் புது மருந்தைப் பிரித்து, கரைத்து, வேறொரு தட்டில் ஊற்றி, இடுக்கியால் படத்தை எடுத்து அதில் போட்டாள். தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினாள். புது மருந்து எதையும் நிறுத்தும். எதையும் நிறுத்தியிருக்கிறது. கவுனின் ஓரத்து லேஸ் பூக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"என்ன டீச்சர், கீழ கறுப்பா..." என்று லசிசி எட்டிப்பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. மருந்துல ஏதோ கோளாறு."

"ஆன்ட்டி," என்றாள் சிகிராத். அவள் படத்தைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்குதா?"

கேட்டது. தட்டு, தட்டு, தொப். உடனே இன்னொரு தொப்.

மௌனம் இருந்த இடத்தில் ஒரு கால் விழுந்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை எதாவது வந்திருக்கும்," என்றார் லசிசி. வாசகசாலைக்குப் பக்கத்தில் வீடே கிடையாது. அது அவருக்கும் தெரியும். அந்த வட்டாரத்தில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவர் அவர்.

சிகிராத் தாழ்ப்பாளில் கைவைத்தாள். ஆயோகா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். "திறக்காதீங்க! படம் இன்னும் நிக்கல. வெளிச்சம் பட்டா மொத்தமும் போயிடும்!"

"போனா என்ன ஆகும்?"

ஆயோகா தட்டைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் காகிதம், வேறொன்று போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கவேண்டும். தட்டுக்குள் கறுப்பு அந்தக் குழந்தையின் மடிக்கு வந்துவிட்டது. கோத்த கைகள் மூழ்கின. பக்கத்துக் குழந்தை பளபளவென்று, துளி மாறாமல் உட்கார்ந்திருந்தாள்.

வேறொன்று. ஆமாம், வேறொன்று. சமமாக. இரண்டு பேருக்கும் சரிசமமாக ஒன்று போட்டுவிட்டால்? அவளுக்கே வெட்கமாக இருந்தது, தான் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று. புதுக் காகிதத்தை வைத்தாள். என்லார்ஜரின் விளக்கைப் போட்டாள்.

ஒளி காகிதத்தில் விழுந்தது. நெகட்டிவ் என்பதால் கறுப்பெல்லாம் வெளுப்பாக, வெளுப்பெல்லாம் கறுப்பாக. பெஞ்சு தெரிந்தது. பெஞ்சுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது.

பெஞ்சில் யாரும் இல்லை.

விளக்கை அணைத்தாள். மறுபடி போட்டாள். பெஞ்சு. சுவர். அவ்வளவுதான்.

லசிசி வாய்க்குள் எதையோ ஓத ஆரம்பித்தார்.

வெளியே ஆட்டம் வேகமெடுத்தது. தட்டு தட்டு தொப் தொப். நாலு கை. நாலு கால். நடுவே ஒரு சிரிப்பு. கெஹிண்டே சிரித்துப் பதினொரு வாரம் ஆகிறது. சிகிராத் அந்தச் சிரிப்பைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு சத்தம் நின்றது.

கதவில் ஒரு சின்னக் கை தட்டியது.

"அம்மா."

"என்னடா கண்ணு? அம்மா இங்கதான் இருக்கேன்!"

"அம்மா, கதவைத் திற. இங்க இருட்டா இருக்கு."

மணி மத்தியானம் இரண்டு. தகரக் கூரை வெயிலில் நெரிந்துகொண்டிருந்தது.

ஆயோகா தட்டைப் பார்த்தாள். கறுப்பு கழுத்துவரை. அதற்கு மேலே, அவள் நிழல் கொடுத்துப் பளிச்சென்று ஆக்கிய அந்த முகம். அது மட்டும். இடுக்கியைப் போட்டுவிட்டு விரலாலேயே காகிதத்தைத் தேய்த்தாள், கறுப்பைத் துடைத்துவிடுகிறவள்போல. நகம் கீறியது. மருந்து சுட்டது. கறுப்பு நகரவில்லை, ஏறியது. கதவைத் திறந்தால் வெளிச்சம் அந்த முகத்தை ஒரே நொடியில் தின்றுவிடும். திறக்காவிட்டால் குழந்தை வெளியே. "இயா இபெஜி, கொஞ்சம் பொறுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன், ஒரே நிமிஷம்," என்று கெஞ்சினாள். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அம்மா." குரல் இப்போது பயப்படவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "அம்மா, டைவோ வந்திருக்கா. முன்னாடியே போய்ப் பாத்துட்டாளாம். நல்லா இருக்காம்."

"போகாதேடி!" என்று அலறிக்கொண்டு சிகிராத் தாழ்ப்பாளை இழுத்தாள். "படமும் வேணாம் ஒண்ணும் வேணாம்! கெஹிண்டே! அம்மா வந்துட்டேன்!"

ஆயோகா தட்டின்மேல் கவிழ்ந்து விழுந்தாள். உடம்பாலேயே மூடினாள். கதவு திறந்தது. முதுகில் வெயில் அறைந்தது. லசிசியின் செருப்புச் சத்தம் ஓடியது. "கெஹிண்டே! கெஹிண்டே!" முற்றத்தில் ஒரு தடவை. வாசகசாலையின் மூலையில் ஒரு தடவை. சாலையில் ஒரு தடவை. பதில் இல்லை. சத்தம் தூரம் போய்க்கொண்டே இருந்தது.

அவள் கழுத்தை மட்டும் திருப்பி வெளியே பார்த்தாள். வெள்ளை வெயில். சிவந்த புழுதி. அதில் எதிரெதிராக இரண்டு ஜோடிச் சின்னக் கால்தடங்கள். ஒன்று செருப்புக் கால், ஒன்று வெறுங்கால். கதவுவரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன சின்னத் தடம் ஒன்றுகூட இல்லை. படிமேல் காகிதத்தில் சிகிராத் வைத்துவிட்டு வந்த இரண்டு அக்கரா வடை. இரண்டிலும் ஒவ்வொரு கடி.

நெடுநேரம் அப்படியே கிடந்தாள். சட்டை முழுக்க மருந்து. பிறகு, எழுந்திருக்காமல், கையை மட்டும் மெல்ல விலக்கிக் கீழே பார்த்தாள்.

வலப்பாதி முழுக் கறுப்பு. முகம் இல்லை.

இடப்பாதியில் டைவோ உட்கார்ந்திருந்தாள். பளிச்சென்று, லேஸ் கவுனில், வெள்ளைக் காலுறையில். கால் தரையில் படாமல் தொங்கியது. ஆனால் மடியில் கோத்திருந்த கைகள் கோத்தபடி இல்லை. ஒரு கை மடியில் இருந்தது. மற்றது பக்கவாட்டில் நீண்டு, மணிக்கட்டுவரை அந்தக் கறுப்புக்குள் போயிருந்தது. உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் அதன் நரம்பு புடைத்திருந்தது.