சோம்பேறிக்கு ஒரு பாவாடை

சோம்பேறி என்பது ஆளின் பெயர் இல்லை; அது ஒரு ரோபோ. செருப்புப் பெட்டி அளவு உடம்பு, நாலு சக்கரம், வயிற்றுக்கு அடியில் தரையைப் பார்க்க ஒரு குட்டி சென்சார். அதை எல்லோரும் கண் என்றுதான் சொல்வார்கள். மேஜை மேல் போட்ட வெள்ளை விரிப்பில் வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோட்டை அந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டே அது ஓட வேண்டும். வழியில் இருக்கும் மூன்று டப்பாக்களைத் தள்ளிக்கொண்டு போய் முடிவுக் கட்டத்தில் சேர்க்க வேண்டும். அந்த வேலையை அது செய்கிற அழகைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள்.

செய்தவர்கள் எட்டாம் வகுப்பு மூவர். பென்சில் பெட்டியைக்கூட விட்டுவைக்காமல் குட்டி பல்பு மாட்டிவிடும் மின்மினி. நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட குண்டூசி. யாராவது தும்மினால்கூட மணி பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளும் டயரி.

பள்ளிகளுக்கு இடையிலான ரோபோப் போட்டிக்கு அவர்கள் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை சோம்பேறி கிளம்பவே இல்லை. இரண்டாவது தடவை கிளம்பியது, பின்பக்கமாக!

இந்தத் தடவை மின்மினிக்குப் பரிசு கிரிசு எதுவும் வேண்டாம். சோம்பேறி முடிவுக் கட்டத்தைத் தொட்டால் போதும். ஏனென்றால் அடுத்த வாரம் குண்டூசி வீட்டார் வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். அவன் அப்பாவுக்கு அங்கே வேலை மாற்றமாகிவிட்டது. மூவரும் சேர்ந்து நிற்கப்போகும் கடைசிப் போட்டி இதுதான்.

"ஒரு தடவையாவது முடிச்சுக் காட்டணும்டா" என்றாள் மின்மினி.

"கிளம்பினாலே போதும்னு நான் இருக்கேன்" என்றான் குண்டூசி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் காலையிலிருந்து அவன் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

முதல் சுற்று தொடங்கியது. நடுவர் அம்மா விசிலோடு நின்றார்.

"பொத்தானை அழுத்தினதும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி வந்து கை கட்டி நிக்கணும். மேஜைக்கிட்ட யாரும் வரக்கூடாது. சரியா?"

மின்மினி பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து நின்றாள். சோம்பேறி கிளம்பியது. நேராகப் போனது. முதல் வளைவு வந்தது. கோடு இடப்பக்கம் திரும்பியது. சோம்பேறி திரும்பவில்லை! மேஜை ஓரத்துச் சட்டத்தில் போய் முட்டி, அங்கேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"பூஜ்யம்" என்றார் நடுவர் அம்மா, பாவமாகத்தான். "இன்னும் ஒரு மணி நேரத்துல ரெண்டாவது சுற்று இருக்கும்மா. சரிபண்ணிட்டு வாங்க."

மண்டபத்தின் மூலையில் பயிற்சி மேஜை இருந்தது. மூவரும் அங்கே ஓடினார்கள். சோம்பேறியை வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். அடடா, என்ன ஓட்டம்! எல்லா வளைவிலும் அழகாகத் திரும்பி, மூன்று டப்பாக்களையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நின்றது. மின்மினி பள்ளியில் செய்வதுபோலவே அதன் தலைக்கு மேல் குனிந்தபடி கூடவே நகர்ந்து வந்தாள். குழந்தை நடை பழகும்போது அம்மா பின்னாலேயே போவாளே, அதுமாதிரி.

"இங்க ஓடுது, அங்க ஓடல. இதுக்கு என்ன கொழுப்பு பாரேன்!" என்று குண்டூசி தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் மின்மினிக்கு அந்த விசும்பல் கேட்டது. அடுத்ததாக மேஜைக்குக் காத்திருந்த குழுவில் ஒரு வாண்டு, ஒன்பது வயதுகூட இருக்காது, தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மடியில் அவர்களுடைய ரோபோ. ஒரு சக்கரத்தின் ரப்பர் வளையம் அறுந்து தொங்கியது.

"வேற ரப்பர் இல்லையா?" என்று கேட்டாள் மின்மினி.

வாண்டு இல்லை என்று தலையாட்டினாள்.

மின்மினி தன் பெட்டியைத் திறந்தாள். குண்டூசி அவள் காதருகே வந்தான். "ஏய், வேற ரப்பர் நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நம்மளது அறுந்துட்டா?"

"அறுந்தா அப்ப அழுதுக்கலாம். அவ இப்பவே அழறா பாரு."

மின்மினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வளையத்தை இழுத்து மாட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பேனா மூடியால் நெம்பி நெம்பி ஏற்ற வேண்டும். வாண்டு சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் டமால் என்று ஒரு சத்தம்.

"மறுபடியும் முட்டிருச்சு!" என்று கத்தினான் குண்டூசி. "இப்பத்தானே நல்லா ஓடிச்சு!"

மின்மினி எழுந்து மேஜைக்கு ஓடினாள். திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காக ஓடியது. அவள் மறுபடி உட்கார்ந்து ரப்பரை மாட்டி முடிக்கவும், டமால்!

"நீ பக்கத்துல இருந்தாத்தான் ஓடுது" என்றான் குண்டூசி. "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கே!"

டயரி சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தாள். "கிண்டல் இல்லடா. இங்க நாலு தடவை ஓட்டினோம். மின்மினி பக்கத்துல இருந்த ரெண்டு தடவையும் ஓடியிருக்கு. இல்லாத ரெண்டு தடவையும் முட்டியிருக்கு."

"எங்க, காட்டு" என்று மின்மினி நோட்டின் மேல் குனிந்தாள்.

"கொஞ்சம் நகருடி. வெளிச்சத்த மறைக்காதே, எழுத்தே தெரியல."

மின்மினி நகரவில்லை. அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். நோட்டில் வெளிச்சம் விழுந்தது. திரும்பக் குனிந்தாள். அவள் தலையின் நிழல் நோட்டை மூடியது.

"ஐயோ! நான்தான்! என்னாலதான்!"

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் டயரி.

"கறுப்பு எது, வெள்ளை எதுன்னு சோம்பேறிக்கு நம்ம ஸ்கூல்ல கத்துக்கொடுத்தோம்ல? அப்பவும் நான் இப்படித்தான் மேல குனிஞ்சிட்டிருந்தேன். என் நிழல்லயே அது எல்லாத்தையும் கத்துக்கிச்சு. இந்த மண்டபத்து வெளிச்சத்துல அதுக்குக் கறுப்புக் கோடே வெள்ளையாத் தெரியுது! நேராப் போறதுக்குக் கண்ணு வேணாம். வளைவுலதான வேணும்!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை மாதம் எத்தனை பயிற்சி! ஒரு தடவைகூட யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லையே!

"அப்ப சோம்பேறிக்குக் குடை பிடிக்கணுமா?" என்றான் குண்டூசி.

"குடை வேணாம். கண்ணச் சுத்தி மறைச்சாப் போதும். வெளி வெளிச்சம் உள்ள போகாது. உள்ள அதுக்கே ஒரு குட்டி விளக்கு இருக்கு. கறுப்பா ஏதாவது அட்டை கிடைச்சா..."

மூவரும் பைகளைக் குடைந்தார்கள். வெள்ளை அட்டை இருந்தது, மஞ்சள் இருந்தது. கறுப்பு இல்லை. இரண்டாவது சுற்றுக்கு இருபது நிமிடம்தான் மிச்சம்.

யாரோ மின்மினியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த வாண்டுதான். கையில் ஒரு கறுப்பு அட்டை.

"அக்கா, இந்தாங்க."

"இது உங்களுக்கு வேணாமா?"

"எங்க ரோபோவுக்குச் சட்டை பண்ண வச்சிருந்தோம். சட்டை இல்லாட்டியும் அது ஓடும். சக்கரம் இல்லாட்டித்தான் ஓடாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மின்மினி அந்த வாண்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்டா தங்கம்."

அட்டையை வெட்டி, கண்ணைச் சுற்றி ஒட்டினார்கள். சோம்பேறி குட்டிப் பாவாடை கட்டிக்கொண்டது போலிருந்தது. பிறகு கறுப்பையும் வெள்ளையையும் அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். மின்மினி ஐந்தடி தள்ளி நின்றாள். ஓர் அடி முன்னால் வந்தாலும் டயரி முறைத்தாள்.

விசில் ஒலித்தது. இரண்டாவது சுற்று.

சோம்பேறி கிளம்பியது. மின்மினி மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கை கட்டி நின்றாள். அவளால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் வளைவு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரும்பிருச்சு!" என்று குண்டூசி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

முதல் டப்பா. இரண்டாவது டப்பா. ஆடி அசைந்து, மூன்றாவது டப்பாவையும் தள்ளிக்கொண்டு அது முடிவுக் கட்டத்துக்குள் நுழைந்தபோது, கொடுத்திருந்த மூன்று நிமிடத்தில் ஒன்பது விநாடிதான் பாக்கி இருந்தது. குண்டூசி கத்திய கத்தலில் நடுவர் அம்மா விசிலையே கீழே போட்டுவிட்டார்.

அவர்களுக்குக் கிடைத்தது பதினோராவது இடம். வாண்டின் குழுவுக்கு ஆறாவது. அந்தப் பக்கமிருந்து அவள் துள்ளித் துள்ளிக் கையசைத்தாள். மின்மினியும் இரண்டு கையையும் தூக்கி அசைத்தாள்.

சாமான்களை எடுத்துவைக்கும்போது மின்மினி சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா முதல் போட்டியோடவே நான் இதத் தூக்கிப் போட்டிருப்பேன். ரொம்ப நன்றிடா. உனக்கும்தான்டி."

"என்ன, திடீர்னு ஆண்டு விழாப் பேச்சு மாதிரி ஆரம்பிச்சிட்டே?" என்றான் குண்டூசி. சோம்பேறியின் பாவாடையைச் சரிசெய்துகொண்டே கேட்டான். "நான் அங்க போனப்புறமும் இது ஓடும்ல?"

"ஓடும். இன்னைக்கு நாம யாருமே பக்கத்துல இல்லையே, ஓடலையா? ஆனா ஒவ்வொரு தடவை முடிச்சதும் முதல் போன் உனக்குத்தான்."

"சரி" என்றான் குண்டூசி.

சோம்பேறியைத் தூக்க ஒரு கையே போதும். ஆனாலும் அன்றைக்கு மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் வண்டி வரைக்கும் கொண்டுபோனார்கள்.