நலங்கு மாவில் நெருப்பு

“அம்மா! எரியுதே... ஐயோ, முகம் எரியுதே!”

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால். ஆரியசாலைச் சந்தையையே உலுக்கியது அந்த அலறல். மாடியில் குடியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் சுசீலாபாய், பல் துலக்கிய பிரஷ்ஷோடு படியிறங்கி ஓடினாள்.

குளியலறை வாசலில் ஸ்ரீப்ரியா துடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம். கன்னம் இரண்டும் வெந்நீர் கொட்டியது போலச் சிவந்து, இடது பக்கம் தோல் உப்பியிருந்தது. அவள் தாய் முத்தாரம்மாள் ஒரு பாத்திரம் தயிரை அள்ளி அள்ளி மகள் முகத்தில் அப்பினாள்.

“தயிர் கிடக்கட்டும். முதல்ல தண்ணி!” சுசீலாபாய் பெண்ணைக் குழாயடிக்கு இழுத்தாள்.

அதே சந்தையில் அரிசி மண்டி வைத்திருக்கும் தகப்பனார் பகவதிப்பெருமாள், வாசித்துக்கொண்டிருந்த செய்தித்தாளும் கையுமாக வந்து விழித்தபடி நின்றார்.

பக்கத்துத் தெரு டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கண் தப்பிச்சது. தோல் ஆறிடும். ஆனா ஞாயிற்றுக்கிழமை மணமேடையா? நடக்காது.”



“எல்லாம் அந்தப் பார்லர்காரி குடுத்த நலங்குப் பொடி!” பகவதிப்பெருமாள் குதித்தார். “அவளைப் பிடிச்சு உள்ள போடு, சுசீலா!”

கிழக்கேகோட்டையில் அழகு நிலையம் நடத்தும் மலையாளப் பெண் சிஜி, செய்தி கேட்டு அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள்.

“பொன்னு சேச்சி, சத்தியமாயிட்டு எனக்கு ஒண்ணும் அறியாது. ஒரு மாசமா தேய்க்கிற அதே பொடிதான். பயறு, சந்தனம், பச்சை மஞ்சள். வேற ஒண்ணும் கிடையாது.”

“இனி உன் கடைப் படியை எவ மிதிப்பா? மிதிக்க விட்டிருவேனா?” பகவதிப்பெருமாள் உறுமினார்.

சுசீலாபாய் ஸ்ரீப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாவை நீயா கலக்கின?”

“இல்லக்கா. குளியலறையில கலக்கி வச்சிருந்துது.”

“எந்த நிறம்?”

“கொஞ்சம் வெளுப்பா... பால் கூடிப்போச்சுன்னு நெனச்சேன்.”

சுசீலாபாய் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அடியில் மிச்சமிருந்த மாவு இட்லிமாவு நிறத்தில் இருந்தது. சமையலறை மஞ்சள்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து அதில் போட்டுக் குச்சியால் கிளறினாள்.

மாவு ரத்தமாகச் சிவந்தது.

“ஆரத்தி!” சிஜி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமா. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா ஆரத்திதான். தாம்பூலத்துக்கு வாங்கின சுண்ணாம்பு இதுல கிடக்கு.”

“அதைத்தானே நானும் சொல்லுதேன்! இவதான் கலந்திருக்கா!”

“அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க. சிஜியோட பொடியில பச்சை மஞ்சள் இருக்கு. அதுல சுண்ணாம்பு பட்டிருந்தா, கலக்கும்போதே இப்படிச் சிவந்திருக்கும். ஸ்ரீப்ரியா தொட்டே இருக்க மாட்டா. இது சிஜி பொடியே இல்ல. மஞ்சள் சேராத வீட்டுப் பயத்தமாவு. நிறம் காட்டிக்குடுக்கும்னு தெரிஞ்சவங்க செஞ்ச வேலை.”

“வீட்டுலயா? இங்க நாங்க மூணு பேருதானே இருக்கோம்!”

“அலறல் கேட்டதும் அவங்கவங்க கையில இருந்ததோட ஓடி வந்தோம். நான் பிரஷ்ஷோட. நீங்க பேப்பரோட.” சுசீலாபாய் மெதுவாகத் திரும்பினாள். “முத்தாரக்கா, நீங்க தயிரோட வந்தீங்க. பொண்ணு என்ன பூசினா, எதனால எரியுதுன்னு யாருக்குமே தெரியாத நேரம் அது. தயிர் உங்க கைக்கு எப்படி வந்துது?”

முத்தாரம்மாள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி முடிச்சுப் போட்டாள்.

“அம்மா?” ஸ்ரீப்ரியாவின் குரல் உடைந்தது. “நீயா?”

“லேசா சிவக்கும்னு நெனச்சேன் மக்களே. இப்படிப் பொங்கும்னு நெனைக்கல.”

பகவதிப்பெருமாள் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். சுசீலாபாய் குறுக்கே நின்றாள்.

“பெத்த பொண்ணு முகத்துல சுண்ணாம்பா? ஏன்க்கா?”

முத்தாரம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து கணவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“மாப்பிள்ளைக்கு வள்ளியூர்ல பொண்டாட்டியும் புள்ளையும் இருக்கு, சுசீலா. கல்யாணத்தை நிறுத்துங்கன்னு இவிய காலைப் பிடிச்சேன். ‘எனக்கு அது முன்னமே தெரியும், நீ வாயை மூடு’ன்னாவ.”