கட்டவிழ்ந்த கடல்

செவ்வானத்தின் கடைசிக் கீற்றும் கரைந்துகொண்டிருந்த அந்த வேளையில் சங்குமுனை விரிகுடாவைக் கண்டவர்கள், இத்தனை அழகுக்குள்ளே இத்தனை பயங்கரம் ஒளிந்திருக்கும் என்று நம்பியிருக்கமாட்டார்கள். அங்கே பாசிப் படுகையில் கடற்பசு தன் கன்றை அணைத்துக்கொண்டு மேயும். கண்ணாடிக் குடைபோல் மிதந்துவரும் சொறிமீன் தொட்ட இடத்தைத் தீயாய் எரிக்கும். பவளப்பாறைகளுக்கு அடியில் அரவமின்றிச் சுறாக்கள் திரியும்.

அந்தச் சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கென்றே, முத்துக்குளிப்புப் பருவத்தில் ஒருவர் கரையோரக் குடிசையில் தம்மை அடைத்துக்கொண்டு மந்திரம் ஓதுவார். கடல்கட்டி என்பது அவர் பெயர். காலையில் அவர் சங்கூதிக் கடலைக் கட்டாமல் ஒருவரும் நீரில் இறங்கமாட்டார்கள். மாலையில் சங்கூதி அவிழ்த்தபின் ஒருவரும் நீரில் இருக்கமாட்டார்கள். குடிசைக்குள் எட்டிப்பார்ப்பது பெரும் பாவம்.

வாசகர்களே, அந்தப் பாவத்தை இன்று நாம் செய்வோம்.

உள்ளே இருந்தவள் கடல்கட்டியின் மகள் குமரியாள். பருவம் தொடங்கிய அன்றே தந்தைக்கு வாதம் தாக்கி நாவு எழாமற்போயிற்று. மகனுக்கு மட்டுமே சொல்லப்படும் மந்திரம், மகனில்லாத அவரோடு ஊமையாயிற்று. ஊர் பட்டினி கிடக்கக் கூடாதே என்று அவளே குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு சங்கூதி வந்தாள். ஒரு சுறாவும் ஒருவரையும் தீண்டவில்லை. அது ஏன் என்று நினைத்தாலே அவளுக்கு நடுக்கமெடுக்கும்.

இப்போது ஓலைத் தடுக்கின் இடுக்கில் கண்ணைப் பதித்து நின்றாள். விரிகுடாவின் எதிரே தெரிந்த தீவை நோக்கிக் கொற்றன் நீந்திக்கொண்டிருந்தான். சிப்பி நீரில் ஒரு கடற்குதிரையை ஏந்திவந்து, “இதுதான் என் பட்டத்துப் புரவி” என்று அவளைச் சிரிக்கவைத்தவன். முத்தெடுக்கும் குளியாளாக வேடமிட்ட அவன், தீவுக்கப்பால் காத்திருக்கும் பகையரசனின் தம்பி என்பதைக் கோட்டைக் காவலர் இன்றுதான் கண்டுபிடித்தார்கள். பாறைகளுக்கிடையே தோணி செல்லாதாகையால், கத்தி கவ்விய குளியாட்கள் அவனை நீந்தியே துரத்தினார்கள். இன்னும் சில வீச்சில் பிடித்துவிடுவார்கள்.

வாசலில் தண்டநாயகர் வில்லவதரையரின் குரல் அதிர்ந்தது.

“கடல்கட்டியாரே, கட்டை இக்கணமே அவிழ்த்துவிடும். கத்தி தவறினாலும் சுறா தவறாது.”

“தங்கள் ஆட்களும் நீரில் இருக்கிறார்களே, நாயகரே?” என்றாள் குமரியாள், தந்தையின் தடித்த குரலில்.

“என் ஆணைக்கு முன் உமது சங்கு எம்மாத்திரம்? அவர்கள் துரத்துவார்கள்.”

உள்நாட்டுக்காரரான தண்டநாயகருக்குக் கடற்கரையைத் தெரியவில்லை. குமரியாளுக்குத் தெரியும். சங்கை எடுத்து ஊதினாள்.

அடுத்த கணமே துரத்தியவர்கள் திரும்பி, விழுந்தடித்துக் கரையேறினார்கள்.

“முறைக்காதீங்க, நாயகரே,” என்றான் மூத்த குளியாள் நொச்சியன், மூச்சிரைக்க. “சோறு நீங்க போட்டது. காலு எங்க ஆத்தா குடுத்தது.”

ஆனால் கொற்றனும் சங்கைக் கேட்டான். அவனும் அதை நம்பியவன்தான். நடுநீரில் திகைத்து நின்றவன், ஈட்டிகள் காத்திருந்த கரையை நோக்கியே திரும்ப நீந்தலானான்.

குமரியாள் தடுக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

“வராதீங்க,” என்று தன் சொந்தக் குரலில் கூவினாள். “அப்பாவுக்குப் பேச்சு போயிடிச்சு. பருவம் பூரா உள்ளே இருந்தது நான். எனக்கு மந்திரம் தெரியாது. இந்தக் கடலை யாரும் கட்டவே இல்லை. நீங்க தினமும் முங்கினது இதே தண்ணிதான். போங்க.”

கொற்றன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு நீருக்குள் அமிழ்ந்து, தீவின் பக்கமாகத் தலைதூக்கினான்.

“கேட்டீர்களல்லவா? கட்டே இல்லை. இனி என்ன அச்சம்? இறங்குங்கள்,” என்றார் வில்லவதரையர்.

நொச்சியன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. “இருக்குன்னு நெனச்சு எறங்கினோம், நாயகரே. இனிமே இந்த ஆயுசுல எறங்குவோமா?”

வீரர்கள் குமரியாளின் கைகளைப் பின்னால் பிணைத்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை; கண்கள் கடலிலேயே இருந்தன. தீவுக்கும் கொற்றனுக்கும் நடுவே, இருண்டுவரும் நீரைக் கீறிக்கொண்டு ஒரு சுறாவின் கறுத்த துடுப்பு எழுந்து, மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

தனக்குத் தெரியாத அந்த மந்திரத்தை, முதன்முறையாக, குமரியாளின் உதடுகள் தேடத் தொடங்கின.